முதலில் பச்சைக் குழந்தை வீடு, கடைசியில் இருமல் வீடு

சப் சென்டரை, அதாவது துணை சுகாதார நிலையத்தைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது, வீடு வீடாகப் போகும் செவிலியர்களான நாம் இன்று எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று ஒரு கணக்குப் போடுகிறோமே, தொற்றுத் தடுப்பு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. பலரும் பெட்ரோல் மிச்சமாகும் வழியைத்தான் பார்ப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவருக்குக் காலில் சர்க்கரைப் புண், சீழ் கோத்துக் கிடந்தது; அதைக் கட்டிவிட்டு நேராக அடுத்த தெருவில் பிறந்து ஆறு நாளான குழந்தையைத் தூக்கி எடை போட்டேன். கை கழுவினேன்தான். ஆனால் புடவைத் தலைப்பு? பெரியவரின் கட்டில் மேல் வைத்திருந்த பை? அதே பையை இந்த வீட்டுப் பாயில் வைத்தபோது குழந்தையின் பாட்டி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எந்த வீட்டுக்குப் போயிட்டு வர்றம்மா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, அது என் நல்ல நேரம்.

வார்டுக்கான பாடம் நாம் எல்லோரும் படித்ததுதான். நம் இடம் வேறு. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. குழாய் வாசலுக்கு வெளியே இருக்கும், டாக்டர் எட்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பார், கட்டிலுக்கு அடியில் கோழி படுத்திருக்கும். 2021 ஆகஸ்டில் வீட்டுக்கே போய்ச் சிகிச்சை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் தொடங்கிய பிறகு படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடுகளும் நம் வரிசையில் சேர்ந்துகொண்டன. புதிதாக ஃபீல்டுக்கு வரும் தங்கைகளும், கம்யூனிட்டி போஸ்டிங்கில் வரும் மாணவிகளும் கேட்கும் கேள்விகளை வைத்து இதை எழுதுகிறேன்.

வரிசை

பச்சைக் குழந்தையும் பச்சை உடம்புக்காரியும் இருக்கும் வீடு முதலில். அடுத்து கர்ப்பிணிகள். அப்புறம் புண் இல்லாத பிபி, சர்க்கரைக் கேஸ்கள், யூரின் டியூப் போட்டவர்கள். அதற்குப் பிறகு புண் கட்டும் வீடுகள், அதிலும் நல்ல புண் முன்னே, சீழ்ப் புண் பின்னே. காய்ச்சல், வயிற்றுப்போக்கு வீடுகள் அதற்கடுத்து. இருமல் வீடு, அதாவது காசநோய் உறுதியான அல்லது சந்தேகமான வீடு, கடைசி. ஒரே ஒரு விதிவிலக்கு: அவசரம் என்று போன் வந்தால் வரிசையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். ஆனால் போய்விட்டு வந்து அடுத்து குழந்தை வீடு என்றால் ஏப்ரனை மாற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போங்கள், முடிந்தால் குழந்தையை மறுநாள் காலைக்குத் தள்ளுங்கள்.

வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் நில்லுங்கள். அம்மை போட்ட வீட்டில் வெளியாட்களை விடாமல், தாளிக்காமல், வேப்பிலை கட்டி வைக்கும் வழக்கத்தை நர்சிங் ஸ்கூலில் மூடநம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு அது உடன்பாடில்லை, அந்த வேப்பிலை ஒரு பாதி தனிமைப்படுத்தல் பலகை, அதுவும் ஊரே மதிக்கும் பலகை. சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே பரவும், எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை பரவும். உங்களுக்கு அம்மை வந்ததில்லை, தடுப்பூசியும் போடவில்லை, அல்லது நீங்களே கர்ப்பமாக இருக்கிறீர்கள் என்றால் உள்ளே போகாதீர்கள், வேறு ஆளை அனுப்பச் சொல்லுங்கள். அந்த வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருக்கிறார்களா என்று வாசலில் நின்றே கேட்டுவிடலாம்.

பையும் கையும்

பையைத் தரையில், கட்டிலில், பாயில் நேரடியாக வைப்பதில்லை. பழைய செய்தித்தாள் ஒரு கத்தை எப்போதும் பையின் வெளி அறையில் இருக்கட்டும். வீட்டுக்குப் போனதும் ஒரு தாளை விரித்து அதன் மேல் பை. முதலில் பையிலிருந்து எடுக்க வேண்டியது சோப்பும் துடைக்கும் துணியும்தான். கை கழுவிவிட்டு வந்து, தேவையானதை எல்லாம் ஒரே தடவையில் எடுத்து வெளியே வைத்துவிட்டு, பையை மூடிவிடுங்கள். வேலை நடுவே அழுக்குக் கையோடு "அந்த காஸை மறந்துட்டேனே" என்று பைக்குள் கையை விட்டால் அன்றைக்கு எஞ்சியிருக்கும் எல்லா வீட்டுக்கும் அந்தப் புண்ணைச் சுமந்துகொண்டு போகிறீர்கள். மறந்துவிட்டால் கையைக் கழுவிவிட்டு எடுங்கள், வேறு வழி கிடையாது. வேலை முடிந்ததும் பிபி கஃப், ஸ்டெதாஸ்கோப், தெர்மாமீட்டர், எடைத் தூளி எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போட வேண்டும். செய்தித்தாளை, வைத்த பக்கம் உள்ளே போகும்படி மடித்து அங்கேயே குப்பையில் சேர்த்துவிடுங்கள்.

சோப்பு என்றால் நாற்பது முதல் அறுபது நொடி, ஸ்பிரிட் கலந்த ஹேண்ட்ரப் என்றால் இருபது முதல் முப்பது நொடி. இது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஹேண்ட்ரப் வசதிதான், ஆனால் கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு, ரத்தம், மலம் பட்டிருந்தால் அது வேலைக்கு ஆகாது, வயிற்றுப்போக்கு வீட்டிலும் அதை நம்பாதீர்கள், சோப்பும் தண்ணீரும்தான். குழாய் இல்லாத வீட்டில் சொம்பில் தண்ணீர் எடுத்து யாராவது ஊற்றச் சொல்லுங்கள், தொட்டித் தண்ணீருக்குள் கையை முக்காதீர்கள். துடைக்க அந்த வீட்டு ஈரிழைத் துண்டைக் கொடுப்பார்கள், அன்போடு கொடுப்பார்கள், வாங்கிக்கொள்ள வேண்டாம், "காத்துல காஞ்சிடும்மா" என்று சொன்னால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. மோதிரமும் வளையலும் வீட்டிலேயே இருக்கட்டும். கிளவுஸ் போட்டால் கை கழுவ வேண்டியதில்லை என்று நினைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். போடும் முன்னும் கழுவ வேண்டும், கழற்றிய பின்னும் கழுவ வேண்டும், ஒரு கிளவுஸோடு இரண்டு நோயாளி கிடையாது.

1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணப் பரிசோதனை செய்துவிட்டு வந்து பிரசவம் பார்த்தவர்களைக் குளோரின் கலந்த சுண்ணாம்பில் கை கழுவ வைத்தார், பிரசவ வார்டில் தாய்மார் சாவு சரசரவெனக் குறைந்தது. அந்தக் குளோரின் சுண்ணாம்பு வேறு எதுவுமில்லை, நம் சப் சென்டர் மூலையில் கட்டி தட்டிக் கிடக்கும் பிளீச்சிங் பவுடர்தான். (கைக்கு இப்போது அதைப் போடாதீர்கள், தோல் உரிந்துவிடும்.)

அனுப்பணுமா, பார்த்துக்கலாமா

ஃபீல்டில் நாம் எடுக்கும் முடிவு எல்லாம் கடைசியில் மூன்றில் ஒன்றாகத்தான் வந்து நிற்கும்: இங்கேயே பார்த்துக்கொள்ளலாம், நாளைக்கு மறுபடி வந்து பார்க்கணும், இப்போதே அனுப்பணும். நோயின் பெயரைக் கண்டுபிடிப்பது டாக்டர் வேலை. இந்த மூன்றில் எது என்று சொல்வது நம் வேலை. 2006-இல் கிறிஸ்டின் டானர் என்ற அமெரிக்க செவிலியர் பேராசிரியர் செவிலியரின் கணிப்பை நான்கு படியாகப் பிரித்தார்: கவனிப்பது, அதற்கு அர்த்தம் கண்டுபிடிப்பது, செய்வது, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது. அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது, கையில் இருக்கும் அளவுகளைவிட செவிலியர் தன்னோடு கொண்டுவரும் அறிவும் அனுபவமும்தான் கணிப்பை அதிகம் பாதிக்கிறது, அந்த நோயாளி வழக்கமாக எப்படி இருப்பார் என்று அறிந்திருப்பதும் நல்ல கணிப்புக்கு வேண்டும் என்பது. நமக்கு இது பெரிய பலம். போன மாதம் திண்ணையில் உட்கார்ந்து நம்மை வம்புக்கு இழுத்த பாட்டி இன்று உள்ளே சுருண்டு படுத்திருந்தால், தெர்மாமீட்டரை எடுக்கும் முன்பே நமக்கு விஷயம் தெரிந்துவிட வேண்டும்.

அப்படித் தெரிந்தும் நான் கோட்டை விட்ட கேஸ் ஒன்று உண்டு. எழுபது வயது தாண்டிய அம்மா, படுக்கை. மருமகள் சொன்னது, "ரெண்டு நாளா சரியா சாப்பிடல சிஸ்டர், ஒரு மாதிரி பேசுது, வேற ஒண்ணுமில்ல." காய்ச்சல் பார்த்தேன், இல்லை. நாடி எண்பதுக்குப் பக்கம். நோட்டில் "நார்மல்" என்று எழுதிவிட்டு வந்தேன். மறுநாள் விடியற்காலை 108-இல் கொண்டுபோனார்கள், ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது என்றார்கள். பிழைத்தார், ஆனால் மூன்று வாரம் ஆனது. வீட்டுக்கு வந்தபின் உட்கார்ந்து யோசித்தபோதுதான் நான் விட்டது எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. காலையில் மருமகள் பாராசிட்டமால் கொடுத்திருந்தார், நான் கேட்கவில்லை. பிபிக்கு அட்டனலால் சாப்பிடுபவர், அந்த மாத்திரை இருக்கும்போது நாடி அவ்வளவாக ஏறாது. வயதானவர்களுக்குக் கிருமி பரவினாலும் காய்ச்சல் வராமலே இருக்கலாம், சில நேரம் உடம்பு சில்லிட்டுக்கூடப் போகும். "ஒரு மாதிரி பேசுது" என்பதுதான் அன்றைக்கு இருந்த ஒரே உண்மையான அறிகுறி, அதை நான் வீட்டுப் பேச்சாக எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் மேலே, மூச்சை எண்ணவில்லை.

மூச்சை எண்ணுங்கள். முழுதாக ஒரு நிமிடம், பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குகிற வேலை வேண்டாம். எண்ணுகிறேன் என்று சொல்லாமல், நாடி பார்ப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டே நெஞ்சைப் பாருங்கள், சொன்னால் மூச்சை மாற்றி விடுவார்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை சாதாரணம். மூச்சு 22 அல்லது அதற்கு மேல், மேல் பிபி 100 அல்லது அதற்குக் கீழ், புத்தித் தடுமாற்றம் என்று இந்த மூன்றில் இரண்டு இருந்து, தொற்று இருக்கலாம் என்று சந்தேகமும் இருந்தால் காத்திருக்காதீர்கள், அனுப்புங்கள். மூன்றும் இல்லை என்பதற்காக நிம்மதியாக வந்துவிடவும் கூடாது, ஆள் சரியில்லை என்று உங்களுக்கே தோன்றினால் அதுவும் ஒரு அளவுதான். நேற்றுக் காலையிலிருந்து எத்தனை தடவை சிறுநீர் போனார் என்று கேளுங்கள். அதையும் கேட்க நான் பல வருடம் மறந்திருக்கிறேன்.

பச்சைக் குழந்தை வீட்டில்

ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டில் பார்க்க வேண்டும். எடை போடுவதற்கு முன்பே, துணியை விலக்கி, குழந்தை அழாத நேரத்தில் மூச்சை எண்ணிவிடுங்கள். நிமிடத்துக்கு 60-ஐத் தொட்டால் மறுபடி ஒரு நிமிடம் எண்ணுங்கள், அப்போதும் அதே என்றால் அனுப்பணும். நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதி ஆழமாக உள்ளே இழுப்பது, வலிப்பு, தொட்டால் மட்டும் அசைவது, அக்குளில் 99.5 டிகிரிக்கு மேல் சூடு அல்லது 95.9-க்குக் கீழே குளிர், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள்: இதில் எது ஒன்று இருந்தாலும் அனுப்பணும், நாளை என்ற பேச்சே இல்லை. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது பால் குடிப்பது குறைவதுதான். "நல்லா தூங்குறான் சிஸ்டர், எழுப்பினாலும் எந்திரிக்க மாட்டேங்குறான், சமத்து" என்று ஒரு தாய் சந்தோஷமாகச் சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். உங்கள் முன்னாலேயே பால் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள், சப்புகிறதா, விழுங்கும் சத்தம் கேட்கிறதா என்று.

மாந்தம் என்று சொல்வார்கள், தொக்கம் எடுக்கப் போகணும் என்பார்கள். அப்போது பாட்டியோடு மல்லுக்கு நிற்காதீர்கள். "சரி பாட்டி, நீங்க சொல்றது இருக்கட்டும், முதல்ல டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வந்துடுவோம்" என்றால் வண்டி நகர்ந்துவிடும். சண்டை போட்டு ஜெயித்தால் அடுத்த விசிட்டுக்குக் கதவு திறக்காது. உரைமருந்து விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வசம்பையும் ஜாதிக்காயையும் இழைக்கும் அந்தக் கல் எத்தனை நாளாகக் கழுவப்படாமல் அடுப்படியில் கிடக்கிறது என்று கையில் எடுத்துக் காட்டினாலே பாதி வீடுகளில் பேச்சு முடிந்துவிடும். தொப்புளில் எண்ணெய், பவுடர், சாம்பல், மஞ்சள் எதுவும் வேண்டாம், காய்ந்து தானாக விழட்டும். தொப்புள் ஓரம் மட்டும் சிவந்து லேசாகக் கசிந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரிடம் காட்டணும். சிவப்பு வயிற்றுத் தோலுக்குப் பரவியிருந்தால் அது அவசரம்.

குழந்தையைப் பார்த்துவிட்டுத் தாயைப் பார்க்காமல் வருவது நம் ஆட்கள் செய்யும் பெரிய தப்பு. 100.4 டிகிரி காய்ச்சல், அடிவயிற்று வலி, தீட்டு நாற்றம் அடிப்பது, தையலில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். நாற்றத்தை அந்தப் பெண் வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார், மாமியார் இல்லாத நேரமாகப் பார்த்து நேராகக் கேட்க வேண்டும். "பால் கட்டின காய்ச்சல்" என்று அவர்களே ஒரு பெயர் வைத்திருப்பார்கள். மார்பைத் தொட்டுப் பாருங்கள், கட்டியும் சூடும் இல்லையென்றால் காய்ச்சலுக்குக் காரணம் வேறு.

டியூப்

யூரின் பை எப்போதும் மூத்திரப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக்கூடாது. கட்டில் சட்டத்தில் ஒரு துணிக் கொக்கி கட்டிக் கொடுத்தால் போதும். ஆளைத் தூக்கி உட்கார வைக்கும்போது பையை மடியில் வைப்பார்கள், அதுதான் சிறுநீர் திரும்பி ஓடும் நேரம், வீட்டாருக்கு ஒரு தடவை செய்து காட்டிவிடுங்கள். டியூபையும் பையையும் தேவையில்லாமல் கழற்றாதீர்கள். முக்கால் பை நிறையும் வரை விடாமல் காலி செய்யணும், ஒரே வாளியில் இரண்டு பேர் சிறுநீரைப் பிடிக்கக் கூடாது.

சிறுநீர் கலங்கியிருக்கிறது, நாற்றம் அடிக்கிறது என்று மட்டும் சொல்லி ஆன்டிபயாடிக் கேட்பார்கள். நாள்பட்ட டியூப் இருந்தால் சிறுநீரில் கிருமி இருக்கத்தான் செய்யும், டெஸ்ட் எடுத்தால் நிச்சயம் ஏதாவது வளரும். காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிறு அல்லது இடுப்பு வலி, புதிதாக வந்த புத்தித் தடுமாற்றம் எதுவும் இல்லையென்றால் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி, டியூப் மடிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மறுநாள் வந்து பார்ப்பதுதான் சரி. (இதய, சிறுநீரக நோயாளிகளுக்குத் தண்ணீர் அளவு டாக்டர் சொன்னபடி.) சும்மா சும்மா ஆன்டிபயாடிக் கொடுத்தால், நிஜமாகவே கிருமி ஏறும் நாளில் எந்த மருந்தும் கேட்காது.

சர்க்கரைப் புண்

கட்டைப் பிரிக்கும் முன்னால் பழைய கட்டைப் பாருங்கள். எவ்வளவு நனைந்திருக்கிறது, என்ன நிறம், ஈ உட்கார்ந்திருக்கிறதா. காய்ந்து ஒட்டியிருந்தால் பிய்த்து இழுக்காமல் உப்புத் தண்ணீர் விட்டு நனைத்து எடுங்கள். சலைன் பாட்டில் இல்லையென்றால் அரை லிட்டர் தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக உப்புப் போட்டு, மூடி வைத்து ஆறவிட்டுப் பயன்படுத்தலாம், அன்றைக்கு மட்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி நுரை பொங்குவதைப் பார்த்தால் வீட்டாருக்கு ஒரு திருப்தி, புண்ணுக்கு எந்த நன்மையும் இல்லை. சிவப்பாக, குருணை குருணையாகப் புதுத் தசை வளர ஆரம்பித்த புண்ணில் தினமும் பெட்டடின் ஊற்றுவதும் அந்தத் தசையைக் கெடுக்கலாம்.

புண் இருக்கிறது என்பதும் புண்ணில் தொற்று இருக்கிறது என்பதும் வேறு வேறு. வீக்கம், சூடு, வலி, புண் ஓரத்தைச் சுற்றி அரை சென்டிமீட்டருக்கு மேல் சிவப்பு, சீழ்: இதில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் தொற்று. அந்தச் சிவப்பு இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் அன்றைக்கே டாக்டர் பார்க்கணும். நான் பேனாவால் சிவப்பின் ஓரத்தைத் தோலிலேயே கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதிவிடுவேன், மறுநாள் கோட்டைத் தாண்டியிருந்தால் பேச்சே தேவையில்லை, குடும்பமும் கண்ணால் பார்த்துவிடும். நம் கருநிறத் தோலில் சிவப்பு பளிச்சென்று தெரியாது, ஊதா கலந்த கறுப்பாகத்தான் தெரியும், அதனால் கழுவிய கையின் புறங்கையை வைத்து அடுத்த காலோடு ஒப்பிட்டுச் சூடு பாருங்கள். மரத்துப்போன கால் திடீரென்று வலிக்கிறது என்றால் "நல்லது, உணர்ச்சி திரும்புது" என்று சந்தோஷப்படுவார்கள், உண்மையில் உள்ளே ஆழமாகச் சீழ் பிடித்திருக்கலாம். தோலை அழுத்தினால் நறநறவென்று காற்று நகர்ந்தால், விரல் கறுத்தால், அழுகிய வாடையோடு காய்ச்சலும் இருந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு நிற்காதீர்கள், 108.

காய்ச்சல் வீடு, இருமல் வீடு

காய்ச்சல் என்றால் ஆடையை விலக்கிப் பாருங்கள். அக்குள், தொடை இடுக்கு, மார்பின் கீழ் மடிப்பு, இடுப்புக் கயிறு கட்டும் இடம் ஆகியவற்றில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு ஒன்று இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், வலிக்காது, அரிக்காது, நோயாளிக்கே தெரியாது. வழக்கமாகப் போடும் பென்சிலின் வகை மருந்துகள் அதற்குக் கேட்காது, டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின்தான் வேண்டும், அதனால் அந்தப் பொருக்கைப் பார்த்து டாக்டரிடம் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. டெங்கு காலத்தில் காய்ச்சல் விட்டுவிட்டது என்று குடும்பம் மூச்சு விடும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான நாள், பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் வரும். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது இருந்தால் அனுப்புங்கள். ஐபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம், இடுப்பில் ஊசியும் வேண்டாம், பாராசிட்டமால் போதும். டெங்கு தொட்டால் ஒட்டாது, ஆனால் அந்த ஆளைக் கடித்த கொசு பரப்பும், அதனால் பகலிலும் கொசுவலைக்குள் படுக்கச் சொல்லுங்கள்.

இருமல் வீட்டில் உள்ளே போய் உட்காராதீர்கள். திண்ணையில், வேப்பமரத்தடியில், காற்று உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து அவரை நோக்கிப் போகும்படி உட்காருங்கள். நோயாளிக்குச் சாதாரண மாஸ்க், உங்களுக்கு என்95, இதை மாற்றிப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உள்ளே போயே ஆக வேண்டும் என்றால் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் போங்கள். சளி எடுப்பதும் வெளியில்தான். தட்டு, டம்ளரைத் தனியாக ஒதுக்கி வைத்து அந்த மனிதரைத் தீண்டத்தகாதவர் போல நடத்துவதைப் பார்த்தால் நிறுத்தச் சொல்லுங்கள், காசநோய் காற்றில் பரவுகிறது, தட்டில் பரவுவதில்லை.

காசநோயிலும் கணிப்பு முக்கியம். தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் வயது வந்த புது நோயாளிகளைக் கண்டறிந்ததும் சில எளிய அளவுகளில் பார்க்கிறோம்: உயரம், எடை வைத்துப் போடும் உடல்நிறை எண் 14 அல்லது அதற்குக் கீழ், அல்லது 16 வரை இருந்தும் காலில் வீக்கம், மூச்சு 24-க்கு மேல், ஆக்சிஜன் 94-க்குக் கீழ், பிடிக்காமல் எழுந்து நிற்க முடியாமை. எக்ஸ்ரேயும் வேண்டாம், ரத்த டெஸ்டும் வேண்டாம். இதில் ஒன்று இருந்தாலும் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு வருவது போதாது, டாக்டர் முழுதாகப் பரிசோதித்து, பெட்டில் சேர்க்க வேண்டுமா என்று பார்க்க வேண்டிய கேஸ் அது.

ஊசி, குப்பை

போட்ட ஊசிக்கு மூடி போடாதீர்கள். ஊசி முனையை வெட்டும் ஹப் கட்டரைக் கையெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுத்தான் ஊசியை எடுக்கணும். ஊசி முனை வெள்ளை டப்பாவுக்கு, முனை வெட்டிய சிரிஞ்சும் கிளவுஸும் டியூபும் சிவப்புப் பைக்கு, ரத்தம் சீழ் பட்ட பஞ்சும் காஸும் மஞ்சள் பைக்கு, கண்ணாடிக் குப்பி நீலத்துக்கு. 2016 விதி இது. வீட்டில் கட்டிய கட்டை அந்த வீட்டுக் குப்பைமேட்டில் போட்டால் நாய் இழுத்துக்கொண்டு தெருவில் போடும், கையோடு கட்டி எடுத்து வந்துவிடுங்கள். ரத்தம் சிந்தினால் தாளைப் போட்டு மூடி, ஒரு சதவீத பிளீச்சிங் கரைசல் ஊற்றி, பத்து இருபது நிமிடம் விட்டுத் துடையுங்கள். நல்ல பவுடராக இருந்தால் லிட்டருக்கு சுமார் 30 கிராம், அன்றன்றைக்குக் கரைத்தது. ஆசிட்டோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், வரும் புகை நெஞ்சை அடைக்கும்.

குத்திக்கொண்டால் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே மெடிக்கல் ஆஃபீசருக்குப் போன். எச்ஐவி தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பலனில்லை, 28 நாள் சாப்பிட வேண்டும். எல்லோரும் பயப்படுவது எச்ஐவிக்கு, அதன் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. தடுப்பூசி போடாதவருக்கு மஞ்சள் காமாலை பி வகையின் வாய்ப்பு நூறில் முப்பது வரை போகும். மூன்று டோஸ் முடித்தாகிவிட்டதா என்று இன்றைக்கே உங்கள் கார்டை எடுத்துப் பாருங்கள்.

போனில் சொல்வது

"சார், ஒரு பாட்டி சீரியஸா இருக்காங்க" என்று ஆரம்பித்தால் டாக்டர் பத்துக் கேள்வி கேட்பார், நீங்கள் தடுமாறுவீர்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், எழுபத்திரண்டு வயசு, சர்க்கரை, கால் புண்ணுக்கு ஒரு மாசமா கட்டுறோம். நேத்து தெளிவா பேசினாங்க, இன்னைக்கு பேச்சு குழறுது. மூச்சு 26, பிபி 96-க்கு 60, சிவப்பு நேத்துப் போட்ட கோட்டைத் தாண்டி மூணு சென்டிமீட்டர் போயிருக்கு. கிருமி ஏறியிருக்குன்னு நினைக்கிறேன், 108 கூப்பிட்டுட்டேன், நீங்க பெரிய ஆஸ்பத்திரிக்கு சொல்லிடுங்க." அரை நிமிடம்கூட ஆகாது. நேற்று எப்படி, இன்று எப்படி என்ற அந்த ஒரு வாக்கியம் நம்மைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது. வண்டி ஏறும் முன் அதையே ஒரு சீட்டில் எழுதி, சாப்பிடும் மாத்திரை அட்டைகளோடு மகன் கையில் கொடுங்கள்.

வீடு திரும்பியதும் ஏப்ரன் தனியாக ஊறட்டும், செருப்பு வாசலிலேயே. அப்புறம் செல்போன். காலையிலிருந்து எல்லா வீட்டிலும் கையில் எடுத்துப் பதிவு போட்டது அதில்தான், அதை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தபின் குழந்தை கையில் கொடுங்கள்.